இட்லிப் பானை ஆவி போதாது

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார்: "ஏன் தம்பி, ட்ராம்பே அணு உலையிலேயே ஹைட்ரஜன் எடுத்து பஸ் ஓட்டப் போறாங்களாமே?" அவர் சொன்னதில் பாதி சரி. சிக்கல் மறுபாதியில்தான்.

அணு உலைக்குள் ஹைட்ரஜன் விளைவதில்லை. ஹைட்ரஜன் இருப்பது தண்ணீரில். உலை வெறும் அடுப்பு. அடுப்பு என்றால் எவ்வளவு சூடு என்பதுதான் கேள்வி. ட்ராம்பேயில் 1985 முதல் இயங்குவது துருவா ஆராய்ச்சி உலை. அதைக் குளிர்விக்கும் கனநீர் கொதிநிலையைக்கூடத் தொடுவதில்லை. மின்சாரம் தரும் தாராப்பூர் உலைகளில் தண்ணீர் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வரை போகும். சூட்டை மட்டும் வைத்துத் தண்ணீரை நேரடியாக உடைக்க 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கிக் காலமெல்லாம் உழைக்கும் பாத்திரத்துக்கு எங்கே போவது?

அதனால் வேதியியல்காரர்கள் குறுக்கு வழி ஒன்றைப் பிடித்தார்கள். ஒரே அடியாக உடைக்காமல் இரண்டு மூன்று படிகளில் உடைப்பது. ட்ராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் எடுத்துக்கொண்ட வழிகளில் முக்கியமானது அயோடின்–கந்தகச் சுழற்சி. தண்ணீரோடு அயோடினையும் கந்தக டை ஆக்சைடையும் சேர்த்தால் இரண்டு அமிலங்கள் பிறக்கும். அயோடினைத் தாராளமாகப் போட்டால் அவை தாமாகவே பிரிந்து நிற்கும்: மேலே தெளிந்த கந்தக அமிலம், அடியில் அயோடின் கரைந்து கறுத்துக் கனத்த ஹைட்ரயோடிக் அமிலம். அடியில் நிற்பதைப் பிரித்து 450 டிகிரி வாக்கில் சூடேற்றினால் ஹைட்ரஜன் வரும். கந்தக அமிலத்தை 850 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஆக்ஸிஜன் வரும். அயோடினும் கந்தக டை ஆக்சைடும் மறுபடி முதல் படிக்கே திரும்பிவிடும். செலவாவது தண்ணீர் மட்டும்.

கேட்க அழகாக இருக்கிறது. இந்தச் சுழற்சியை முழு வட்டமாக அங்கே ஓட்டியும் காட்டினார்கள், கண்ணாடியிலும் குவார்ட்ஸிலும் செய்த கருவிகளில். ஆலை என்று வரும்போது கண்ணாடி உதவாது. கொதிக்கும் கந்தக அமிலமும் ஹைட்ரயோடிக் அமிலமும் சாதாரண எஃகைத் தின்றுவிடும். டான்டலம், சிலிக்கன் கார்பைடு என்று விலை கூடிய சரக்குக்குப் போக வேண்டும். அணுவைப் பற்றித்தான் ஊரே கவலைப்படுகிறது. பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பது குழாய்.

மாட்டுங்காவில், பழையவர்கள் இன்னும் யூடிசிடி என்றே சொல்லும் ரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தில், ஓஎன்ஜிசி எனர்ஜி சென்டரோடு சேர்ந்து வேறு வழி பார்த்தார்கள்: செம்பு–குளோரின் சுழற்சி. நடுவில் கொஞ்சம் மின்சாரமும் கேட்கும். ஆனால் உச்சச் சூடு 550 டிகிரிக்குள் அடங்கிவிடும். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் வேக ஈனுலையில் சோடியம் வெளியேறும் சூடு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அந்தச் சூட்டை வெப்பப் பரிமாற்றிகள் வழியே கைமாற்றிக்கொண்டு வரும்போது சில பத்து டிகிரிகள் கரைந்துபோகும். கைக்கெட்டியது வாய்க்கு எட்டாத கதை. ஜப்பானின் ஓராய் நகரில் உள்ள உயர்வெப்ப உலை 2004-லேயே 950 டிகிரி ஹீலியத்தை வெளியே கொண்டுவந்தது. நம்முடைய உயர்வெப்ப உலைகள் இன்னும் வரைபடத்தை விட்டு இறங்கவில்லை.

"கரண்ட் இருக்கே, அதை வைத்துத் தண்ணீரைப் பிரிக்கலாமே?" பிரிக்கலாம். அமெரிக்காவின் நைன் மைல் பாயின்ட் அணுமின் நிலையத்தில் 2023 முதல் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உலைச் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அதிலும் 50 யூனிட்டுக்கு மேல் கொட்டினால்தான் ஒரு கிலோ ஹைட்ரஜன் கிடைக்கும். அந்தக் கிலோவில் இருக்கும் ஆற்றலோ 33 யூனிட். சூட்டைச் சூடாகவே பயன்படுத்தப் பார்ப்பது இதனால்தான்.

ஹைட்ரஜன் குண்டு பயத்தை ஒரே வரியில் முடித்துவிடலாம்: அதில் இணைவது டியூட்டீரியமும் டிரிட்டியமும், அதைத் தொடங்கிவைக்கவே ஒரு அணுகுண்டு வேண்டும்; சிலிண்டரில் உள்ள வாயுவுக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம்தான். கதிரியக்கக் கேள்வியை அப்படித் தள்ள முடியாது. உலையின் குளிர்விப்பியும் ரசாயன ஆலையின் தண்ணீரும் நேரடியாகச் சேர்வதில்லை. நடுவே தனிச் சுற்று ஒன்று இருக்கும். ஆனால் டிரிட்டியம் நன்றாகச் சூடேறிய உலோகத்துக்குள்ளேயே ஊடுருவக்கூடியது. அளவு சிறிதுதான், ஆனாலும் வடிவமைக்கிறவர் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். இன்னொன்று, 2011-இல் ஃபுகுஷிமாவில் கட்டடங்களைப் பிளந்தது அணு வெடிப்பல்ல. எரிபொருள் உறையின் சிர்கோனியம் ஆவியோடு வினைபுரிந்து கிளம்பிய ஹைட்ரஜன். ஹைட்ரஜன் ஆலையை உலையிலிருந்து தள்ளிக் கட்டச் சொல்வதற்கு அந்த வாயு எளிதில் வெடிக்கும் என்பதே போதுமான காரணம்.

கடைசியாக, செம்பூர்வாசிகள் பலர் நம்புவது: ஹைட்ரஜன் என்பது இனிமேல் வரப்போகிற சமாச்சாரம். ஆனால் அங்குள்ள ஆர்சிஎஃப் வளாகத்தில் 1960-களிலிருந்தே உர உற்பத்தி நடக்கிறது. உரத்துக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் டீசலிலிருந்து கந்தகத்தை நீக்க அதே ஹைட்ரஜன்தான். இயற்கை எரிவாயுவையும் ஆவியையும் நிக்கல் வினையூக்கி நிரப்பிய குழாய்களில் விட்டு, வெளியே பர்னர் வைத்து 850 டிகிரி வாக்கில் சூடேற்றி எடுப்பது வழக்கமான முறை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது பத்து கிலோ கரியமில வாயு வெளியேறும். அயோடின் சுழற்சி கேட்கும் அதே சூடு!

ஓராயில் ஜப்பானியர்கள் முதலில் செய்யப்போவதும் இந்தப் பர்னரை மாற்றுவதுதான். எரிவாயு மூலப்பொருளாக அப்படியே இருக்கும், சூடு மட்டும் உலையிலிருந்து வரும். எரிப்பதற்குப் போகிற எரிவாயு மிச்சமாகும். மூலப்பொருளில் உள்ள கரி புகைபோக்கிக்குத்தான் போகும்.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பெரியவரின் டீ ஆறிவிட்டது. "அப்ப பஸ்?" என்றார். பஸ் வரலாம், ஆனால் அது ட்ராம்பே ஹைட்ரஜனில் ஓடாது என்றேன்.