காரைக்கால் சாலைகளும் நெற்களமும்

காரைக்கால் பகுதி ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர் பரப்பே உடையது. ஆயினும் நாகப்பட்டினம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை இதன் ஊடே செல்கிறது. 2009 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற துறைமுகத்தின் பார லாரிகளும், சனிக்கிழமைதோறும் திருநள்ளாறு வரும் பக்தர்களின் கார்களும் இங்கே கூடுகின்றன. நெடுங்காடு, நிரவி முதலிய இடங்களின் உட்சாலைகளோ வாய்க்கால் கரைகளை ஒட்டி வளைந்து செல்பவை; அவற்றில் விலகுவதற்கு இடம் குறைவு.

2022 ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துக்களில் மாண்டோர் 1,68,491 பேர். இவர்களுள் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இத்துன்பம் தவிர்க்க இயலாதது அன்று. தமிழ்நாட்டில் 2016 இல் 17,218 ஆக இருந்த உயிர்ச் சேதம் 2019 இல் 10,525 ஆகக் குறைந்தது. ஆனால் 2022 இல் அது மீண்டும் 17,884 ஆயிற்று. குறைத்த பின்னும் காவல் தளரலாகாது என்பதை இக்கணக்கே காட்டுகிறது.

வேகத்தையும், மதுவருந்தி வண்டி ஓட்டுவதையும் போலீசார் தடுக்கவேண்டும். கிராமத்தாரே நீக்கக்கூடிய அபாயங்களைப் பற்றியே நாம் இங்குக் கூற விரும்புகிறோம்.

முதலாவது, சாலையில் நெல் காயவைப்பது. கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்திற்குள் இருக்கவேண்டும். களம் இல்லாத விவசாயி தார்ச் சாலையை நாடுவது இயல்பே. அவரைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால் பரப்பிய நெல்மணிகள் சக்கரத்தின் அடியில் உருளுகின்றன. தடை போட்டால் வண்டி சறுக்குகிறது. இரவில் குவியலைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, ஓரத்தில் கற்களை வைத்துவிடுகிறோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுகிறார். குவியலைக் கண்டு, தடையை மிதிக்குமுன் 25 மீட்டர் போய்விடும். நெல்லை அள்ளிய பின்னும் கற்கள் அங்கேயே கிடப்பதுண்டு!

இரண்டாவது, டிராக்டர் இழுவைப் பெட்டி. பின்னால் விளக்கின்றி, வைக்கோலோ நெல் மூட்டையோ ஏற்றி இருளில் நிற்கும் பெட்டியும் அத்தகையதே. அதன் பின்புறம் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டுவதற்கு ஒரு மூட்டை நெல்லின் விலைகூட ஆகாது.

'பக்கத்துக் கடைக்குத்தானே' என்று தலைக்கவசமின்றிச் செல்வோர் பலர். தலைக்கவசம் தலைக்காயத்தை நூற்றுக்கு 69 அளவும், மரணத்தை 42 அளவும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

அடிபட்டவரைத் தூக்கினால் வழக்கில் சிக்குவோம் என்ற அச்சம் இன்னும் ஊர்களில் நிலவுகிறது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பு அளித்துள்ளது. 108 எண்ணுக்கு உடனே தெரிவிக்கலாம். 2025 இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின்படி, விபத்து நாள் முதல் ஏழு நாள்வரை ரூ. 1,50,000 அளவிற்கு ரொக்கமின்றிச் சிகிச்சை பெற வழியுண்டு. இதனை ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் எழுதி ஒட்டலாம்.

இனி உலர்களம். தை மாதம் சம்பா அறுவடை தொடங்குமுன், ஊரில் எத்தனை களங்கள் உள்ளன, எவை பழுதடைந்துள்ளன, எந்தப் புறம்போக்கு மேட்டில் புதிதாக ஒன்று அமைக்கலாம் என்று பஞ்சாயத்தார் நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். களம் அமையும்வரை, வளைவுகளையும் பாலத்து முகப்புகளையும் விட்டு, பகலில் மட்டும் சாலையின் ஒரு பக்கத்தில் நெல்லைப் பரப்பி, பொழுது சாயுமுன் கற்கள் உட்பட அனைத்தையும் அகற்றிவிடுவது என ஊர் கூடி முடிவு செய்யலாம்.