வேலை தேடும் காலத்தில் ஒரு கைச்செலவு: உதவித்தொகை விதிகளை எளிதாகப் புரிந்துகொள்வோம்

"ப்ளஸ் டூ முடிச்சு அஞ்சு வருஷம் ஆச்சு. பரீட்சை எழுதிட்டேதான் இருக்கேன். பஸ்ஸுக்குக்கூட வீட்டுல கேட்கக் கூச்சமா இருக்கு."

இப்படிச் சொல்கிற ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். வேலை தேடுவதற்கும் செலவு உண்டு. விண்ணப்பக் கட்டணம், ஜெராக்ஸ், போட்டோ, தேர்வு மையத்துக்குப் போய்வர டிக்கெட் என்று அது சிறுகச் சிறுகச் சேரும். அந்தச் செலவுக்குக் கைகொடுக்கத்தான் தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை வழியாக, படித்து வேலையில்லாமல் இருப்போருக்கான உதவித்தொகைத் திட்டம் நடைபெறுகிறது.

தகுதி இருந்தும் பலர் இதை இழக்கிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் வருமானமோ வயதோ அல்ல, தவறவிட்ட ஒரு தேதிதான். அதனால் இந்தக் கட்டுரையில் தொகையைவிடத் தேதிகளைப் பற்றி அதிகம் பேசப்போகிறோம்.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும்

"நான்தான் டிஎன்பிஎஸ்சி-யில பதிவு பண்ணியிருக்கேனே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. இரண்டும் வேறு வேறு.

டிஎன்பிஎஸ்சி-யின் ஒருமுறைப் பதிவு, அந்தத் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்கு விண்ணப்பிப்பதற்காக. அதற்கு 150 ரூபாய் கட்டணம்; 5 ஆண்டுகள் செல்லும். உதவித்தொகைக்குத் தேவைப்படுவது மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. இதை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றொன்று தானாக நடந்துவிடாது.

பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் வாங்கும்போது பள்ளியிலேயே ஆன்லைனில் பதிவு செய்திருப்பார்கள். பதிவு எண் எழுதிய தாள் பழைய ஃபைலில் கிடக்கலாம். முதலில் அதைத் தேடி எடுங்கள்.

யாருக்கு, எவ்வளவு?

பொதுப் பிரிவில் மாதத்துக்குக் கிடைக்கும் தொகை இது:

• பத்தாம் வகுப்பு எழுதித் தேர்ச்சி பெறாதவர்: 200 ரூபாய்
• பத்தாம் வகுப்புத் தேர்ச்சி: 300 ரூபாய்
• ப்ளஸ் டூ தேர்ச்சி: 400 ரூபாய்
• பட்டப்படிப்பு: 600 ரூபாய்

மாதக் கணக்கில் சொன்னாலும், 3 மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக உங்கள் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும். அதிகபட்சம் 3 ஆண்டுகள் பெறலாம். அதாவது ப்ளஸ் டூ முடித்தவருக்கு ஒரு காலாண்டுக்கு 1,200 ரூபாய். 3 ஆண்டுகளில் 14,400 ரூபாய். பட்டதாரிக்கு மொத்தம் 21,600 ரூபாய்.

"இதை வெச்சு என்ன செய்யறது?" என்று தோன்றலாம். குடும்பம் நடத்த இது போதாதுதான். ஆனால் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். ஒரு காலாண்டுத் தொகையில் அந்தக் கட்டணத்தையும், போய்வரும் செலவையும், ஒரு பழைய புத்தகக் கட்டையும் பார்த்துக்கொள்ளலாம். அதற்காக வீட்டில் கை நீட்ட வேண்டியிருக்காது.

உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

கீழே உள்ளவை எல்லாம் பொருந்தினால் நீங்கள் விண்ணப்பிக்கலாம்.

1. உங்கள் கல்வித் தகுதியை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து 5 ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இடையில் விடுபடாமல் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.
2. ஆதிதிராவிடர், பழங்குடியினர் 45 வயதுக்குள்ளும், மற்றவர்கள் 40 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும்.
3. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும்.
4. படிப்பை முழுவதும் தமிழ்நாட்டில் முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால், பெற்றோர் அல்லது பாதுகாவலர் 15 ஆண்டுகளாவது தமிழ்நாட்டில் வசித்திருக்க வேண்டும்.
5. சம்பளம் வாங்கும் வேலையிலோ சுயதொழிலிலோ இருக்கக் கூடாது.
6. பள்ளி, கல்லூரிக்கு நேரில் சென்று முழுநேரமாகப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது. அஞ்சல் வழி, தொலைதூரக் கல்வி படிப்பதற்குத் தடை இல்லை.

பொறியியல், மருத்துவம், விவசாயம், கால்நடை அறிவியல் போன்ற தொழில்முறைப் பட்டம் பெற்றவர்கள் இதில் சேர முடியாது. ஏற்கெனவே 3 ஆண்டுகள் பெற்று முடித்தவர்களும் மீண்டும் விண்ணப்பிக்க முடியாது.

ஐந்தாவது விதியில்தான் பலருக்குச் சந்தேகம் வரும். "சாயங்காலம் நாலு பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன்", "பண்டிகை நேரத்துல மட்டும் டெலிவரிக்குப் போறேன்" என்றால் என்ன செய்வது? நீங்களாக முடிவெடுத்துக் கையெழுத்துப் போட வேண்டாம். விண்ணப்பம் கொடுக்கும்போதே அலுவலரிடம் உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. பின்னாளில் கேள்வி வரும்போது, மறைத்ததுதான் பிரச்சினையாகும்.

தேதிக் கணக்கு: ஓர் உதாரணம்

ஒரு பெண் 2020 ஆகஸ்ட் மாதம் ப்ளஸ் டூ தகுதியைப் பதிவு செய்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய காலண்டர் இப்படிப் போகும்:

• 2023 ஆகஸ்ட்: முதல் புதுப்பித்தல்.
• 2025 ஆகஸ்ட்: பதிவு செய்து 5 ஆண்டுகள் நிறைவு.
• 2025 அக்டோபர்: அடுத்த காலாண்டு தொடங்குகிறது. செப்டம்பர் 30 நிலவரப்படி 5 ஆண்டுகள் முடிந்திருப்பதால் இப்போது விண்ணப்பிக்கலாம்.
• 2026 ஆகஸ்ட்: இரண்டாவது புதுப்பித்தல்.

கடைசி வரியை மறுபடி பாருங்கள். உதவித்தொகை வந்துகொண்டிருக்கும்போதே புதுப்பிக்கும் மாதமும் வருகிறது. "பணம்தான் அக்கவுன்ட்ல வந்துட்டு இருக்கே, பதிவும் நடப்புலதான் இருக்கும்" என்று நினைத்து இருந்துவிட்டால், பதிவு காலாவதியாகிவிடும். உதவித்தொகை மட்டும் போவதில்லை. 2020-இலிருந்து சேர்ந்த பதிவு மூப்பும் போய்விடும். மறுபடி பதிவு செய்தால் அன்றைய தேதியிலிருந்துதான் கணக்கு தொடங்கும். தவறவிட்டவர்களுக்கு அரசு சில சமயம் சிறப்புச் சலுகை அளித்திருக்கிறது. ஆனால் அதை நம்பி இருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு கல்வித் தகுதிக்கும் தனித்தனிப் பதிவுத் தேதி உண்டு. பத்தாம் வகுப்பைப் பதிவு செய்துவிட்டு, பட்டத்தைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் நிறைய பேர். பட்டம் வாங்கிய ஆண்டு எதுவானாலும், பதிவு செய்த நாளிலிருந்துதான் 5 ஆண்டுகள் எண்ணப்படும். கூடுதல் தகுதி கிடைத்தால் உடனே பதிவில் சேர்த்துவிடுங்கள்.

விண்ணப்பிப்பது எப்படி?

விண்ணப்பப் படிவத்தைத் துறையின் இணையதளத்திலிருந்து பதிவிறக்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசமாகவும் வாங்கலாம். காலாண்டுகள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தொடங்கும். அந்தந்தக் காலாண்டுக்கான கடைசி நாளை மாவட்ட நிர்வாகத்தின் செய்திக்குறிப்பில் அறிவிப்பார்கள்.

படிவத்தில் வருவாய்த் துறை அலுவலர் சான்றளிக்க வேண்டிய பகுதி இருக்கிறது. கடைசி வாரத்தில் போய் நின்றால் கையெழுத்து வாங்கவே நாள் போய்விடும். அந்த வேலையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

நேரில் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: வேலைவாய்ப்பு அலுவலக அடையாள அட்டை, மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம். அசல், நகல் இரண்டும் இருக்கட்டும். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். ரொம்ப நாள் பயன்படுத்தாத கணக்கு என்றால் முதலில் வங்கிக்குப் போய் அதைச் சரிசெய்துவிடுங்கள்.

இந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. "நான் வாங்கித் தர்றேன், இவ்வளவு கொடு" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கிலும் விவரங்களைப் பதிய வேண்டாம். அரசு இணையதள முகவரி 'டாட் கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

பணம் வரத் தொடங்கிய பிறகு

ஆண்டுக்கு ஒருமுறை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். "நான் இன்னும் வேலையில் இல்லை, விதிகளுக்கு உட்பட்டுத்தான் பெறுகிறேன்" என்று நீங்களே எழுதிக் கையெழுத்திட்டுச் சொல்வது அது. அதைக் கொடுக்கவில்லை என்றால் தொகை நின்றுவிடும். பணம் திடீரென்று வராமல் போனால், முதலில் உறுதிமொழி ஆவணம் கொடுத்தீர்களா, பதிவைப் புதுப்பித்தீர்களா என்று இந்த இரண்டையும் சரிபாருங்கள்.

"வேலைக்குப் போனா பதிவு போயிடுமா?"

இந்தப் பயத்தால்தான் சிலர் உதவித்தொகைக்கே விண்ணப்பிப்பதில்லை. வேறு சிலர் தனியார் வேலைக்குப் போனதை அலுவலகத்தில் சொல்வதில்லை. இரண்டுமே தேவையற்ற பயம்.

உதவித்தொகை பெறுவதால் உங்கள் வேலைவாய்ப்புப் பதிவு ரத்தாகாது. முகாம் மூலம் தனியார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் பதிவு ரத்தாகாது. வேலை கிடைத்ததும் நிற்பது உதவித்தொகை மட்டும்தான். பதிவும் அதன் மூப்பும் அப்படியே இருக்கும், நீங்கள் புதுப்பித்துக்கொண்டே வந்தால்.

ஆகவே வேலை கிடைத்ததும் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். சில நூறு ரூபாய்க்காகப் பொய்யான உறுதிமொழியில் கையெழுத்திடுவது, நாளை அரசு வேலையே கிடைக்கும் நேரத்தில் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

வேலை தேடுவதற்கும் தடை எதுவும் இல்லை. தேர்வு எழுதலாம், நேர்காணலுக்குப் போகலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி கிடைக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் சிறிய தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் போகலாம். தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்தில் உங்கள் விவரங்களைக் கட்டணம் இல்லாமல் பதிந்துவைக்கலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி விதிகள்

பதிவு செய்து ஓராண்டு முடிந்தாலே விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு இல்லை, வருமான வரம்பும் இல்லை. பத்தாம் வகுப்பு மற்றும் அதற்குக் கீழ் படித்தவர்களுக்கு மாதம் 600 ரூபாய், ப்ளஸ் டூவுக்கு 750 ரூபாய், பட்டதாரிகளுக்கு 1,000 ரூபாய். 10 ஆண்டுகள் வரை பெறலாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால் இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

இருந்த வேலை போனவர்களுக்கு

மேலே சொன்னது வேலையே கிடைக்காதவர்களுக்கானது. கம்பெனியில் வேலை பார்த்து, சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்பட்டு, பிறகு வேலை போனவர் என்றால் வழி வேறு. மத்திய அரசின் இஎஸ்ஐ கழகம் 2018 ஜூலையில் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா திட்டத்தில், சராசரி தினக்கூலியில் 50 சதவீதம், அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒருமுறை நிவாரணமாகக் கிடைக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு என்று தொடங்கி அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் இது. அதனால் உங்கள் இஎஸ்ஐ எண்ணுடன் கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

இன்றே போனில் செய்ய வேண்டியவை

• வேலைவாய்ப்புத் துறை இணையதளத்தில் உள்நுழைந்து, உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.
• அடுத்த புதுப்பிப்பு மாதத்தைப் போன் காலண்டரில் குறித்து, ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் வையுங்கள்.
• 5 ஆண்டுகள் முடியும் மாதத்தையும், அதற்கடுத்த காலாண்டையும் குறித்துவையுங்கள்.
• விடுபட்ட கல்வித் தகுதி இருந்தால் சேர்த்துவிடுங்கள்.
• அடையாள அட்டையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவையுங்கள். போன் தொலைந்தாலும் பதிவு எண் தொலையாது.

எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட வேலை. அடுத்த முறை தேர்வுக்குக் கிளம்பும்போது பஸ் காசு உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.