பிஎஸ்/2 போர்ட் இல்லாத லேப்டாப்பில் பிஎஸ்/2 டிரைவர் எதற்கு?

உங்கள் லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள். கீபோர்டுக்கு ஊதா நிறத்திலும் மவுசுக்குப் பச்சை நிறத்திலும் டெஸ்க்டாப்களில் இருக்கும் வட்டமான பிஎஸ்/2 போர்ட் அதில் எங்கும் இருக்காது. இப்போது விண்டோசில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து கீபோர்டு பிரிவைப் பாருங்கள். பல லேப்டாப்களில் 'ஸ்டாண்டர்டு பிஎஸ்/2 கீபோர்டு' என்றே காட்டும்.

இதைக் கவனிக்காமல் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். லினக்ஸ் கெர்னலைச் சிறிதாக்க வேண்டும் என்ற ஆசையில், தேவையில்லை என்று பட்ட டிரைவர்களை எல்லாம் நீக்கி, புதிதாகக் கம்பைல் செய்தேன். பிஎஸ்/2 போர்ட்தான் இல்லையே என்று அந்த டிரைவர்களையும் எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டர் அழகாக பூட் ஆனது. பாஸ்வேர்டு கேட்டது. ஒரு எழுத்தைக்கூட டைப் செய்ய முடியவில்லை!

காரணம் இதுதான். 1984-ல் வந்த ஐபிஎம் பிசி/ஏடி கம்ப்யூட்டரில் கீபோர்டைக் கவனிக்க இன்டெல் 8042 என்ற சிப் இருந்தது. 1987-ல் வந்த பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களில் மவுசும் இதே வழிக்கு வந்தது. அந்தச் சிப் இன்று தனியாக இல்லை. ஆனால் லேப்டாப்புக்குள் இருக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் அதைப் போலவே நடிக்கிறது. ஆகவே வெளியே போர்ட் இல்லாவிட்டாலும், உள்ளே இருக்கும் கீபோர்டு பழைய பாஷையில்தான் பேசுகிறது.

'ஏ' கீயை அழுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏடி வகைக் கீபோர்டு 28 என்ற எண்ணை அனுப்பும். கன்ட்ரோலர் அதை 30 என்று மாற்றி, கெர்னலுக்கு 1-ஆம் எண் இன்டரப்ட் மூலம் தகவல் கொடுக்கும். விரலை எடுத்ததும் 30-உடன் 128 கூட்டி 158 வரும். ஏன் இந்த மாற்றம்? ஏடி கீபோர்டு வந்தபோது எண்கள் மாறிவிட்டன. அதற்கு முந்தைய பிசிக்கு எழுதிய புரோகிராம்கள் கெட்டுப்போகாமல் இருக்க, கன்ட்ரோலரே மொழிபெயர்ப்பாளர் வேலையைப் பார்த்தது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது!

லினக்சில் இதற்கு மூன்று டிரைவர்கள் உண்டு. ஐ8042 கன்ட்ரோலருடன் பேசும். ஏடிகேபிடி கீபோர்டையும் பிஎஸ்மவுஸ் மவுசையும் கவனிக்கும். சாதாரணமாகக் கம்பைல் செய்யும்போது முதல் இரண்டையும் நீக்கும் வசதி மெனுவிலேயே தெரியாது. 'எக்ஸ்பர்ட்' என்ற ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தால்தான் தெரியும். என்னைப் போன்றவர்களுக்காகவே ஒளித்து வைத்திருக்கிறார்கள் போலும்.

மவுஸ் கதை வேறு. சாதாரண பிஎஸ்/2 மவுஸ் ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று பைட் அனுப்பும். ஸ்க்ரோல் வீல் உள்ள மவுஸ் நான்கு பைட் அனுப்பும். இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு ஒரே மவுசைப் பயன்படுத்த உதவும் கேவிஎம் சுவிட்சைத் திருப்பும்போது, சில சமயம் மவுஸ் மூன்று பைட்டுக்கு மாறிவிடும். கெர்னலோ நான்குக்காகக் காத்திருக்கும். கணக்கு தவறியதும் பாயின்டர் திரையின் மூலைக்குப் பாயும், தானாகவே கிளிக் ஆகும். பலரும் வைரஸ் என்று பயந்துவிடுவார்கள். பிஎஸ்மவுஸ் டிரைவர் மாட்யூலாக இருந்தால், அதை நீக்கி மீண்டும் ஏற்றினால் போதும்.

லேப்டாப் கீபோர்டு லினக்சில் வேலை செய்யவில்லையா? சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்கு முன், பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் அம்புக்குறி கீகளை அழுத்திப் பாருங்கள். அந்த நேரத்தில் கெர்னல் இன்னும் ஏறவில்லை, கீபோர்டைக் கவனிப்பது பயாஸ். அங்கே வேலை செய்து, உள்ளே போனதும் நின்றுவிட்டால், கீபோர்டு கெட்டுப்போகவில்லை. பழுது பெரும்பாலும் டிரைவர் பக்கம்தான். புதுக் கீபோர்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

அதே மெனுவில் 'இ' கீயை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ஐ8042.ரீசெட் என்பதை ஆங்கிலத்தில் சின்ன எழுத்துகளில் சேருங்கள். கன்ட்ரோல், எக்ஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பூட் ஆகும். சரியாகாவிட்டால் ஐ8042.நோபிஎன்பி என்பதைச் சேர்த்துப் பாருங்கள். பயாஸ் தரும் தகவலை நம்பாமல், கன்ட்ரோலர் இருக்கிறதா என்று கெர்னல் நேரடியாகத் தேடும். இந்த மாற்றங்கள் அந்த ஒரு பூட்டுக்கு மட்டுமே, தைரியமாகச் சோதிக்கலாம்.

என் விஷயத்தில் இவை எதுவும் பலிக்கவில்லை. டிரைவரே இல்லாதபோது எப்படிப் பலிக்கும்? கிரப் மெனுவில் பழைய கெர்னல் இன்னும் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், டிரைவர்களைச் சேர்த்து மறுபடியும் கம்பைல் செய்தேன். புதுக் கெர்னலைச் சோதித்து முடிக்கும் வரை பழையதை அழிக்காதீர்கள்.