சுழலும் சக்கரமும் சும்மா நிற்கும் சக்கரமும்

ஐப்பசி அடைமழைக் காலத்தில், கடையநல்லூருக்கு மேற்கே மலையடிவாரத் தோப்புகளுக்குச் செல்லும் மண்பாதைகளில் ஒரு காட்சியைக் காணலாம். தேங்காய் ஏற்றிய ஜீப் ஒன்று மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிடுகிறது. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை அழுத்துகிறார். பின்சக்கரங்களுள் ஒன்று சேற்றில் விர்ரென்று சுழன்று சேற்றை வாரி இறைக்கிறது. மற்றொன்றோ கெட்டியான பாறையின்மேல் நன்றாக ஊன்றிக்கொண்டு, அசையாமல் நிற்கிறது.

என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர் இதைப் பற்றிக் கேட்டார். "பிடிப்பு உள்ள சக்கரம் சும்மா நிற்கிறது; பிடிப்பே இல்லாத சக்கரம் சுழல்கிறது. இது என்ன நியாயம், சார்? எங்கள் தோப்பு ஜீப்புக்கு 'டிஃப் லாக்' போடலாம் என்று அப்பா சொல்கிறார். தானாகப் பூட்டிக்கொள்வது ஒன்று, காற்றால் பூட்டுவது ஒன்று என்று இரண்டு வகை இருக்கிறதாம். எதைப் போடுவது?"

நல்ல கேள்வி. இதற்கு விடை காண, பூட்டை விட்டுவிட்டு, பூட்டப்படும் பொருளை முதலில் அறிய வேண்டும்.

வளைவில் ஒரு சுற்று கூடுதல்

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் செல்ல வேண்டும். எவ்வளவு அதிகம்? இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் 1.4 மீட்டர் என்று கொள்வோம். வண்டி செங்கோணமாகத் திரும்பினால் ஒவ்வொரு சக்கரமும் வட்டத்தில் கால் பகுதி செல்கிறது. இரண்டு கால்வட்டங்களின் நீள வேறுபாடு π/2 × 1.4, அதாவது ஏறத்தாழ 2.2 மீட்டர். வளைவின் ஆரம் இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். குறுகிய சந்தில் திரும்பினாலும், அகலமான நெடுஞ்சாலையில் திரும்பினாலும் வேறுபாடு இதேதான்!

ஜீப் சக்கரத்தின் ஆரம் 35 சென்டிமீட்டர் எனில் அதன் சுற்றளவும் 2.2 மீட்டரே. ஆக, ஒவ்வொரு செங்கோணத் திருப்பத்திலும் வெளிச்சக்கரம் ஒரு முழுச் சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். இரு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால் இது நடவாது. ஏதேனும் ஒரு சக்கரம் தரையில் தேய்ந்துகொண்டே வரும். வண்டி திரும்ப மறுத்து நேராகச் செல்ல முனையும்.

இந்தத் தொல்லையைத் தீர்க்கும் பற்சக்கர அமைப்பே டிஃபரன்ஷியல். தமிழில் வேறுபாட்டுப் பல்லிணை எனலாம். பின் அச்சின் நடுவில் உருண்டையாகப் பருத்திருக்கும் பெட்டிக்குள் அது இருக்கிறது. பிரான்சு நாட்டின் ஓனெசிஃபோர் பெக்கேர் 1820களின் இறுதியில் நீராவி வண்டிக்காக இதை அமைத்தார். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877இல் மூன்று சக்கர மிதிவண்டியில் பொருத்தினார். இன்று நம் தெருவில் ஓடும் ஆட்டோ ரிக்‌ஷாவிலும் இது உண்டு.

நுகத்தடி தரும் விளக்கம்

பல்லிணை எவ்வாறு வேலை செய்கிறது? ஏர் பூட்டிய இரு மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நுகத்தடியின் இரு முனைகளிலும் மாடுகள், நடுவில் ஏர்க்கால். நுகத்தடி நடுக்கட்டைச் சுற்றிச் சற்றுத் திரும்பக்கூடியது. ஒரு மாடு கொஞ்சம் முந்தினால் மற்றது கொஞ்சம் பிந்தும். ஆனால் நடுப்பகுதி இரண்டின் சராசரி வேகத்தில் செல்லும். வளைவில் சக்கரங்களுக்குத் தேவையான சுதந்திரம் இதுவே. பல்லிணைக்குள் இருக்கும் சிறு பற்சக்கரம்தான் நுகத்தடி. எஞ்சின் அதன் நடுவில் தள்ளுகிறது. இரு பக்கப் பற்களும் இரண்டு சக்கரத் தண்டுகளைத் தள்ளுகின்றன.

இப்போது விசையைப் பாருங்கள். நடுவில் தாங்கப்பட்ட தடி நிலையாக இருக்க வேண்டுமானால் இரு முனைகளிலும் விசை சமமாக இருக்க வேண்டும். எனவே இளைத்த மாடு எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவுதான் கொழுத்த மாடும் இழுக்க முடியும். மிஞ்சி இழுத்தால் நுகத்தடி கோணிக்கொள்ளும், ஏர் நகராது.

மாணவர் கேட்ட 'நியாயம்' இதுதான். பல்லிணை இரு சக்கரங்களுக்கும் திருப்புவிசையைச் சமமாகவே பங்கிடுகிறது. சேற்றிலுள்ள சக்கரம் சிறிதளவு விசையைத்தான் ஏற்கும். ஆகவே பாறைமேல் நிற்கும் சக்கரத்திற்கும் அந்தச் சிறிதளவே கிடைக்கிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம்

சுமையுடன் ஜீப்பின் நிறை 1500 கிலோகிராம். பின்சக்கரம் ஒவ்வொன்றின்மேலும் 400 கிலோகிராம் நிறை, அதாவது 4000 நியூட்டன் எடை அமர்கிறது என்போம். பாறையில் உராய்வுக் குணகம் 0.6, வழவழப்பான சேற்றில் 0.1 என்று கொள்வோம்.

பாறைச் சக்கரம் தாங்கக்கூடிய உந்துவிசை: 0.6 × 4000 = 2400 நியூட்டன்.
சேற்றுச் சக்கரம் தாங்கக்கூடியது: 0.1 × 4000 = 400 நியூட்டன்.

சாதாரணப் பல்லிணையில் கிடைக்கும் மொத்த உந்துவிசை 400 + 400 = 800 நியூட்டன். இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிட்டாலோ 2400 + 400 = 2800 நியூட்டன்.

6 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் மேட்டில் இந்த ஜீப் ஏறுவதற்கு 15000 ÷ 6 = 2500 நியூட்டன் வேண்டும். (சக்கரம் உருள்வதற்கான தடையை இங்கே விட்டுவிட்டோம்.) பூட்டு இல்லாத ஜீப் நிற்கிறது, பூட்டிய ஜீப் ஏறுகிறது. எஞ்சினின் திறன் கூடவில்லை, டயரும் மாறவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள ஜீப்பில் இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் எண்ணுவர். அது சரியன்று. முன்புறம் ஒரு சக்கரமும் பின்புறம் எதிர் மூலையில் ஒரு சக்கரமும் பிடிப்பை இழந்தால், பூட்டு இல்லாத அந்த ஜீப்பும் நின்றுவிடும்.

தானியங்கிப் பூட்டு

தானாக இயங்கும் பூட்டுகளில் முக்கியமான இரு வகைகளைக் காண்போம். முதல் வகை எப்போதும் பூட்டியே இருப்பது. வளைவில் வெளிச்சக்கரம் முந்தும்போது மட்டும் அதன் பக்கத்துப் பற்கள் கழன்று வழிவிடும். திருப்பம் முடிந்ததும் மீண்டும் கவ்வும். உறுதியானது, எளியது. ஆனால் கழலும்போதும் கவ்வும்போதும் 'டக்' என்ற ஒலியும் குலுக்கலும் உண்டு.

இரண்டாம் வகை எப்போதும் திறந்தே இருப்பது. இரு சக்கரங்களின் சுழற்சி வேறுபாடு நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 சுற்றைத் தாண்டினால், உள்ளே இருக்கும் சிறு எடைகள் சுழற்சியால் வெளிப்புறம் விரிகின்றன. அந்த அசைவு பூட்டை மாட்டிவிடுகிறது. வண்டி வேகமாக ஓடும்போது பூட்டு மாட்டாதபடி தடுக்கும் எடையும் உண்டு. 2020இல் வெளிவந்த மகிந்திரா தார் ஜீப்பின் சில வகைகளில் பின் அச்சில் அமைந்தது இத்தகைய பூட்டே.

காற்றுப் பூட்டு

இதில் பல்லிணை சாதாரணமாகத் திறந்தே இருக்கும். ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால், சிறிய காற்றழுத்தி ஒன்றிலிருந்து மெல்லிய குழாய் வழியே அழுத்தப்பட்ட காற்று அச்சுப் பெட்டிக்குள் செல்கிறது. அது ஒரு வளையத்தைத் தள்ள, சக்கரத் தண்டின் பற்சக்கரம் வெளிக்கூட்டுடன் பிணைந்துவிடுகிறது. நுகத்தடியை ஏர்க்காலோடு கயிறு போட்டு இறுக்கிக் கட்டியது போலத்தான். பொத்தானை விடுவித்தால் காற்று வெளியேறும். வில்சுருள் வளையத்தைப் பழைய இடத்திற்குத் தள்ளும். இதற்கு வேண்டிய அழுத்தம், கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஜீப் வகை வண்டிகளுக்கான காற்றுப் பூட்டை 1980களின் பிற்பகுதி முதல் பரப்பியது ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனம். ஏர் பிரேக் உள்ள கனரக வாகனங்களில் அழுத்தக் காற்று ஏற்கெனவே தொட்டியில் இருக்கிறது. ஆகவே குவாரிக்குச் செல்லும் டிப்பர் லாரிகள் பலவற்றில் பூட்டும் காற்றாலேயே இயங்குகிறது. ஜீப்புக்கோ காற்றழுத்தி, குழாய், மின்கம்பி எல்லாம் தனியே வேண்டும், செலவு கூடும். குழாயில் சிறு கசிவு ஏற்பட்டாலும் தேவையான நேரத்தில் பூட்டு மாட்டாது.

காற்று இல்லாமலும் இதே கட்டுப்பாட்டைப் பெறலாம். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரு அச்சுகளையும் ஓட்டுநர் நெம்புகோலால் பூட்டுகிறார். நம் வயல்களில் தொழி உழவு செய்யும் டிராக்டர்கள் பலவற்றில் குதிகாலால் மிதிக்கும் பெடல் உண்டு. எல்லாம் ஒரே தத்துவம்: பூட்டும் முடிவு மனிதனுடையது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இப்போது கேள்வியின் உட்பொருள் விளங்கும். எது வலிமையான பூட்டு என்பதன்று கேள்வி. முழுவதும் பூட்டிக்கொண்டபின் இரண்டும் ஒன்றே. எப்போது பூட்டுவது என்பதை யார் முடிவு செய்வது? பற்சக்கரமா, மனிதனா?

பற்சக்கரம் ஒருபோதும் மறக்காது. ஆனால் அதற்குக் கண் இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் இரு சக்கரங்களின் வேக வேறுபாடு மட்டுமே. முன்னால் இருப்பது மேடா, பள்ளமா, சரிவா என்று அது அறியாது.

இது ஏன் முக்கியம்? மலைச்சரிவில் பக்கவாட்டாகச் சாய்ந்து செல்லும் பாதையை எண்ணிப் பாருங்கள். சறுக்காமல் உருளும் சக்கரம் தரையை ஓய்வுநிலை உராய்வால் பற்றியிருக்கிறது. அது வண்டியை முன்னே செலுத்துவதோடு, பக்கவாட்டில் சரியாமலும் பிடித்துக்கொள்கிறது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கினால், அந்தப் பக்கவாட்டுப் பிடிப்பு பெரும்பாலும் போய்விடும். பூட்டு இல்லாதபோது ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது நின்று நங்கூரம்போல் வண்டியைத் தாங்கும். பூட்டியபின் வழுக்கினால் இரண்டும் சேர்ந்து சுழலும்; வண்டியின் பின்பகுதி பள்ளத்தை நோக்கிச் சரியும். முன்பு நாம் குறை கூறினோமே, சும்மா நிற்கும் சக்கரம் என்று! சரிவில் அதுதான் நம் உயிரைக் காக்கிறது.

குற்றாலச் சாரலில் நனைந்த தார்ச்சாலையிலும், செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் வளைவுகளிலும் இந்த ஆபத்து உண்டு. எப்போதும் பூட்டியிருக்கும் முதல் வகை இங்கே ஏற்றதன்று.

மனிதனுக்குக் கண் உண்டு. ஆனால் அவன் மறப்பான். சேற்றைத் தாண்டியபின் பூட்டைத் திறக்க மறந்து நெடுஞ்சாலையில் திரும்பினால், நாம் முன்பு கணக்கிட்ட அந்த ஒரு சுற்று எங்கே போகும்? டயர் தேயும், சக்கரத் தண்டு முறுக்கப்படும், வண்டி திருப்பத்தில் நேராகச் செல்ல முனையும். பெடலை மிதித்தபடி வரப்போரத்தில் திருப்ப முயலும் டிராக்டருக்கும் இதே நிலைதான்.

ஆகவே மாணவரிடம் இவ்வாறு கூறினேன்: "ஜீப்பைப் பலர் மாறி மாறி ஓட்டுகிறார்கள், பெரும்பாலும் நெடுஞ்சாலைப் பயணம், எப்போதாவது சேறு என்றால், திறந்தே இருந்து தேவைப்படும்போது மாட்டிக்கொள்ளும் தானியங்கிப் பூட்டு போதும். சரிவுப் பாதையில் அன்றாடம் செல்கிறீர்கள், பழகிய ஒருவரே ஓட்டுகிறார் என்றால் காற்றுப் பூட்டு. பூட்டக் கூடாத இடத்தில் பூட்டாமல் இருக்க அதனால்தான் முடியும்."

மறுவாரம் வந்து, "அப்பாதான் ஓட்டுவார், சார். பாதையில் ஓரிடம் ஓடையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும்" என்றார். அப்படியானால் விடை காற்றுப் பூட்டுதான். கூடவே மூன்று விதிகளைச் சொல்லி அனுப்பினேன். சக்கரம் சுழல்வதற்கு முன்பே, சேற்றுக்குள் நுழையும்போதே பூட்ட வேண்டும். வேகமாகச் சுழலும் சக்கரத்தைத் திடீரென்று பூட்டினால் பற்கள் முறியும். பூட்டியபின் மெதுவாக, இயன்றவரை நேராகச் செல்ல வேண்டும். திரும்புவதற்கு முன் திறக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

வழவழப்பான மேசையில் ஓர் அடிக்கோலை வையுங்கள். அதன் முன்னால், ஒரு முனையில் காலித் தீப்பெட்டியையும், மறுமுனையில் நாணயங்கள் நிரப்பிய தீப்பெட்டியையும் வையுங்கள். அடிக்கோலின் நடுவில் ஒரே விரலால் தள்ளுங்கள். காலிப் பெட்டி மட்டும் ஓடும். கனத்த பெட்டி நிற்கும். அடுத்து, அடிக்கோல் திரும்பாதபடி இரு கைகளாலும் இறுகப் பிடித்துத் தள்ளுங்கள். இரண்டும் நகரும். முதலாவது திறந்த பல்லிணை. இரண்டாவது பூட்டிய பல்லிணை.

சிந்தித்து விடை காணுங்கள்

1. வண்டி முழுவதுமாகத் திரும்பி, வந்த வழியே சென்றால் வெளிச்சக்கரம் எத்தனை சுற்று கூடுதலாகச் சுற்றும்?

2. மேலே கண்ட கணக்கில் சேற்றுச் சக்கரத்தின் கீழ் கல்லைப் போட்டு உராய்வுக் குணகத்தை 0.3 ஆக உயர்த்தினால், பூட்டு இல்லாமலே ஜீப் மேடேறுமா? பூட்டு இல்லாமல் ஏறக் குறைந்தது எவ்வளவு குணகம் வேண்டும்?

3. இக்காலக் கார்கள் சிலவற்றில் பூட்டுக்குப் பதிலாக, வீணே சுழலும் சக்கரத்தை மட்டும் கணினி பிரேக் போட்டுப் பிடிக்கிறது. உடனே நின்ற சக்கரம் இழுக்கத் தொடங்குகிறது. ஏன்? நுகத்தடியை நினைத்துக்கொண்டு விடை கூறுங்கள்.