தாவத் தெரியாத உண்ணி மலை தாண்டியது எப்படி?

கேள்வி: நாங்கள் கூடலூர்ப் பக்கம். கோடை வந்தாலே பக்கத்து வயநாட்டில் குரங்குக் காய்ச்சல் என்று பேச்சு கிளம்பிவிடுகிறது. இந்த நோய் முதலில் கர்நாடகத்தில் ஷிமோகா பக்கம் ஒரு காட்டில் மட்டும்தான் இருந்ததாம். உண்ணிக்கு இறக்கை கிடையாது, தெள்ளுப்பூச்சி போலத் தாவவும் வராது. குரங்குக் கூட்டமும் தன் எல்லையை விட்டு அதிக தூரம் போகாது. அப்படியிருக்க, இது வடக்கே கோவா வரைக்கும் தெற்கே எங்கள் மலை வரைக்கும் எப்படி வந்தது? குரங்குகளைப் பிடித்து வேறெங்காவது விட்டுவிட்டால் தொல்லை தீருமா?
— பள்ளி ஆசிரியை ஒருவர், கூடலூர்

பதில்:

உண்ணிக்குத் தாவ வராது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கே உங்களுக்குப் பாதி மதிப்பெண் போட்டுவிடலாம். மரக்கிளையிலிருந்து குறி பார்த்துத் தலையில் குதிக்கும் என்று நம்புகிறவர்கள்தான் அதிகம். புல் நுனியிலோ சருகின் ஓரத்திலோ ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு, யாராவது உரசிப் போக மாட்டார்களா என்று காத்துக் கிடப்பதுதான் அதன் பிழைப்பு. அந்த முன்னங்கால்களில் ஹாலர் உறுப்பு என்ற நுண்ணிய குழி ஒன்று உண்டு. நாம் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவையும் நம் உடல் சூட்டையும் உணரும் உறுப்பு அது. உணவு தேடி அது அலைவதில்லை, உணவுதான் அதனிடம் நடந்து வரவேண்டும். இவ்வளவு சோம்பேறியான பிராணி எப்படி மாநிலம் விட்டு மாநிலம் போனது என்ற உங்கள் வியப்பு நியாயமானதுதான்.

குரங்கின் மேல் விழுந்த பழியை முதலில் பார்த்துவிடுவோம். 1957-ல் ஷிமோகா மாவட்டம் சொரபா வட்டத்தில் உள்ள கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. சுற்றுவட்டாரக் கிராமங்களில் அதே காலத்தில் மனிதர்களுக்கும் கடுங்காய்ச்சல். பூனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்திலிருந்து (இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம்) ஆட்கள் விரைந்தார்கள். அவர்களுக்கு முதலில் வந்த பயம் மஞ்சள் காய்ச்சல். தென்னமெரிக்கக் காடுகளில் குரங்கும் மனிதரும் ஒருசேர மடிந்தால் அந்த நோயைத்தான் சந்தேகிப்பார்கள். இந்தியாவில் அது கிடையாது, வந்துவிட்டதென்றால் பேரழிவு. நல்லவேளை, அது மஞ்சள் காய்ச்சல் அல்ல. கிடைத்தது ஒரு புதிய வைரஸ். அதன் நெருங்கிய உறவினர்களோ ரஷ்யக் காடுகளில், உண்ணி கடித்து மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் வைரஸ்கள்.

உடனே சந்தேகம் பறவைகள் மேல் திரும்பியது. சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணியையும் சுமந்து வந்தனவோ? சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டும் பெரிய வேலையில் இறங்கியதற்கு இந்தச் சந்தேகமும் ஒரு காரணம். பறவைகள்தான் அந்த வைரஸை வடக்கிலிருந்து கொண்டுவந்தன என்பது நிரூபணமாகவே இல்லை. ஆனால் இந்தியப் பறவையியலுக்கு அந்தச் சந்தேகத்தால் கிடைத்த லாபம் கொஞ்சமல்ல.

குரங்குக்கு வருவோம். நாட்டுக்குரங்கும், கருமுகமும் நீண்ட வாலும் கொண்ட மந்தியும் இந்த வைரஸுக்கு நம்மைவிட மோசமாகப் பலியாகின்றன. நோயில் கிடக்கும் நாட்களில் குரங்கின் ரத்தத்தில் வைரஸ் மிகுந்திருக்கும். அப்போது அதைக் கடித்த உண்ணிகளுக்குத் தொற்று ஏறிவிடும். குரங்கு செத்து உடல் குளிர்ந்ததும் உண்ணிகள் இறங்கி, விழுந்த இடத்துச் சருகிலேயே தங்கிவிடும். அந்த வழியாக விறகுக்குப் போகிறவருக்குக் கடி கிடைக்கும். குரங்கிலிருந்து நேராக நமக்கு வருவது வழக்கமல்ல, பெரும்பாலும் நடுவில் உண்ணி வேண்டும். மனிதரிடமிருந்து மனிதருக்கும் இது பரவுவதில்லை. ஆகவே குரங்குகளைப் பிடித்து வேறெங்காவது விட்டால், உண்ணிகளை வண்டி வைத்து அடுத்த ஊருக்கு அனுப்பியது போலத்தான் ஆகும். கூடவே, காட்டில் வைரஸ் நடமாடுகிறது என்று முன்கூட்டியே சொல்லும் முக்கிய அறிகுறியையும் இழந்துவிடுவோம்.

பரவியது எப்படி என்பதற்கு உண்ணியின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நோயை முக்கியமாகச் சுமப்பது ஹீமாஃபைசாலிஸ் ஸ்பைனிஜெரா என்ற காட்டு உண்ணி. இது 'மூன்று விருந்தோம்பி' வகை. அதாவது, வாழ்நாளில் மூன்றே முறை ரத்தம் குடிக்கும், ஒவ்வொரு முறையும் வேறு பிராணியிடம். முட்டையிலிருந்து வரும் உண்ணிக் குஞ்சு எலி, மூஞ்சூறு, அணில், தரையில் மேயும் பறவை, குரங்கு என்று சிறியவற்றைப் பிடிக்கும். குடித்துவிட்டுக் கீழே விழுந்து சட்டை உரித்து இளவுண்ணியாகும் (இதை நிம்ஃப் என்பார்கள்). இளவுண்ணியும் அதே பிராணிகளை நாடும், கூடவே நம்மையும். மறுபடி விழுந்து உரித்து முதிர்ந்ததும், மாடு, காட்டெருமை, கடமான் போன்ற பெரிய உடம்புதான் வேண்டும். வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி சருகுக்கடியில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும்.

குஞ்சுப் பருவத்தில் ஏறிய வைரஸ் சட்டை உரித்த பிறகும் உடலில் தங்கிவிடுகிறது. இதைப் 'பருவம் கடந்த தொற்று' என்கிறோம். நமக்கு நோய் தருவது பெரும்பாலும் இளவுண்ணிதான். கண்ணில் சட்டென்று படாத அளவு சிறியது, கடித்ததும் தெரியாது. மழை ஓய்ந்து நவம்பர் வாக்கில் தலைகாட்டி மே வரை இருக்கும். விறகு, தேன், முந்திரி அறுவடை என்று மனிதர்கள் காட்டுக்குள் போகும் காலமும் அதுவே. கோடைதோறும் வயநாட்டில் பேச்சு கிளம்புவதன் காரணம் இதுதான்.

இந்தக் கதையில் யாரும் சந்தேகப்படாத ஒருவர் இருக்கிறார்: நம் வீட்டுப் பசு. மாட்டுக்கு இந்த நோய் வருவதில்லை. அதன் ரத்தத்தில் உண்ணிக்குத் தொற்று கொடுக்கும் அளவுக்கு வைரஸும் ஏறுவதில்லை. ஆனால் முதிர்ந்த உண்ணிக்கு அது தடையில்லாமல் சோறு போடும் சத்திரம். முன்பு காட்டெருமை எப்போது வருமென்று காத்துக் கிடந்த உண்ணிக்கு, தினமும் காலையில் காட்டோரம் மேய வந்து மாலையில் வீடு திரும்பும் மந்தை கிடைத்தால் எப்படியிருக்கும்! நோயைக் கொடுக்காமலே நோய் பரப்புகிறவனைப் பெருக்கிவிடுகிறது மாடு. மஞ்சள் காய்ச்சல் ஆராய்ச்சியில் பேர்பெற்ற கொலம்பிய விஞ்ஞானி ஹோர்ஹே போஷெல் பூனா மையத்தில் வேலை பார்த்தபோது ஏறக்குறைய இதைத்தான் வாதிட்டார். காட்டைத் திருத்தி வயலாக்கி, மிச்சக் காட்டில் மாடு மேயவிட்டதும், அதுவரை காட்டுக்குள் அடங்கிக் கிடந்த வைரஸ் வெளியே தலைநீட்டியது என்றார். 1969-லேயே எழுதிவிட்டார். பின்னாளில் வந்த ஆய்வுகளும் ஈரமான பசுமைக் காடும் தோட்டமும் கலந்து கிடக்கும் இடங்களில், நாட்டு மாடுகள் அதிகமுள்ள இடங்களில், ஆபத்து கூடுவதாகவே காட்டுகின்றன. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள நிலமும் இந்த வர்ணனைக்கு அப்படியொன்றும் தூரமில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

1983-ல் நடந்ததைச் சொல்கிறேன். தென் கன்னட மாவட்டம் பெல்தங்கடி வட்டத்தில் நிட்லே என்ற ஊருக்குப் பக்கத்தில் முந்திரித் தோட்டம் போடுவதற்காகக் காட்டை வெட்டினார்கள். தொடர்ந்து வந்த கொள்ளைநோயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். ஊரார் பலர், காட்டில் குடியிருந்த பூதங்கள் இருப்பிடம் பறிபோன சினத்தில் செய்த வேலை இது என்றார்கள். மார்க் நிக்டர் என்ற மானுடவியலாளர் இதைப் பதிவு செய்திருக்கிறார். காட்டைக் கலைத்ததால் வந்த வினை என்ற அளவில், ஊராரும் பூனா விஞ்ஞானிகளும் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். பூதமா உண்ணியா என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு.

இனி உங்கள் கேள்வியின் நடுமுடிச்சு. 'வந்தது' என்கிறீர்கள். அதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. முதலாவது, உண்ணி வரவே இல்லை. அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஏற்கெனவே குடியிருந்தது. நகர்ந்தது வைரஸ்தான், அதுவும் ஒரே பாய்ச்சலில் அல்ல. ஒரு குரங்குக் கூட்டம் தன் எல்லையோரத்தில் செத்தால், அங்கு உதிர்ந்த உண்ணி அடுத்த கூட்டத்தின் காட்டில் ஏறும். எலியும் அணிலும் கொஞ்ச தூரம் தூக்கிப் போகும், பறவை இன்னும் கொஞ்சம் அதிக தூரம். இப்படித் தவணை தவணையாக, காட்டின் தொடர்ச்சி இருக்கும் வரை அது நகர முடியும். 1957 முதல் 2017 வரை சேகரித்த வைரஸ்களின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வில் கர்நாடகத்திலிருந்து மற்ற மாநிலங்களுக்கு அது பரவிய தடம் தெரிகிறது.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் சங்கடமானது: நாம் தேட ஆரம்பித்ததே தாமதமாகத்தான். மருத்துவமனையில் 'ஏதோ வைரஸ் காய்ச்சல்' என்று எழுதி அனுப்பியவற்றில் இது எத்தனை என்று யாருக்கும் தெரியாது. கட்ச், சௌராஷ்டிரம், அந்தமான் போன்ற தூரத்து இடங்களில் மனிதர்களின் ரத்தத்தில் இந்த வைரஸுக்கான ஆன்டிபாடி, அதாவது முன்பு தொற்றியதற்கு உடல் வைத்திருக்கும் சாட்சி, கிடைத்திருக்கிறது. உறவு வைரஸ்களும் அப்படிப் பொய்ச்சாட்சி உண்டாக்கக்கூடும் என்பதால் அதை வைத்துமட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. 2012 வாக்கில் தேசிய வைராலஜி நிறுவனம் விரைவான மரபணுச் சோதனையையும் ரத்தச் சோதனையையும் உருவாக்கியது. அதற்குப் பிறகு வரைபடம் எப்படி நிரம்பியது பாருங்கள். 2012-ல் பந்திப்பூரில், செத்த குரங்குகளைக் கையாண்ட வனப் பணியாளர்களுக்கு நோய். அதையொட்டி நீலகிரியிலும் வயநாட்டிலும் குரங்குகளிடம் வைரஸ். 2014-ல் மலப்புரம். 2015-ல் வயநாட்டில் நூறு பேருக்கு மேல். அதே ஆண்டு கோவாவின் சத்தரி வட்டத்தில் முந்திரி பொறுக்கப் போனவர்கள். 2016-ல் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டம், அங்கும் முந்திரிக்காரர்கள். நோயும் நகர்ந்தது, நம் கண்ணும் திறந்தது. எது எவ்வளவு என்று துல்லியமாகப் பிரிக்க முடியாது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புவது உண்மையில் உண்ணியல்ல, அதைவிடச் சிறிய செந்நிறப் பூச்சியின் குஞ்சு. பாக்டீரியாவால் வருவது, டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்குக் கேட்கும். குரங்குக் காய்ச்சல் வைரஸால் வருவது, அதற்கென்று தனி மருந்து கிடையாது. நீர்ச்சத்து குறையாமலும் ரத்தக்கசிவு கூடாமலும் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. கடித்த சில நாட்களில் திடீர்க் காய்ச்சல், நெற்றி பிளக்கும் தலைவலி, தசைவலி. சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம். ஒரு பகுதியினருக்குக் காய்ச்சல் விட்டு ஓரிரு வாரம் கழித்து நடுக்கமும் மனக்குழப்பமுமாக இரண்டாம் சுற்று வரும். 'சரியாகிவிட்டது' என்று வேலைக்குப் போனவர் மறுபடி படுத்தால் அலட்சியம் வேண்டாம். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள்.

தடுப்பூசி ஒன்று 1990 முதல் கர்நாடகத்தில் போடப்பட்டு வந்தது. பலமுறை போட வேண்டும், பலனும் அரைகுறை, 2022-ல் கைவிட்டுவிட்டார்கள். புதியது தயாராகும் வேலை நடக்கிறது. அதுவரை, காட்டுக்குள் போகிறவர்கள் கைகால் மூடிய உடையையும் உண்ணி விரட்டும் எண்ணெயையும்தான் நம்ப வேண்டும். கர்நாடகத்தில் டெபா என்ற எண்ணெயை அரசே கொடுக்கிறது. அங்குள்ள மலநாட்டு விவசாயிகள் பாக்குத் தோப்புக்கும் தொழுவத்துக்கும் காட்டுச் சருகை அள்ளி வந்து வீட்டோரம் குவிப்பார்கள். அந்தக் குவியலின் அருகில் இருப்பது நோய்க்கு ஒரு காரணம் என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. உங்கள் ஊரில் யாராவது தொழுவத்துக்கு இப்படிச் சருகு கொண்டுவந்தால், குவியலை வீட்டு வாசலிலிருந்து தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் மாணவர்களிடம் இரண்டு சொன்னால் போதும். குரங்கு செத்துக் கிடந்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ தகவல் கொடுக்க வேண்டும். அவர்கள் வந்து சுற்றிலும் பூச்சி மருந்து தூவுவார்கள். காட்டோரம் போய் வந்ததும் குளித்து, அக்குள், காது மடலுக்குப் பின்புறம், முழங்கால் மடிப்பு எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணி ஒட்டியிருந்தால் நசுக்கவோ தீக்குச்சியால் சுடவோ மண்ணெண்ணெய் ஊற்றவோ கூடாது. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்தெடுத்து, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் காட்டுக்குப் போனதை நாமாகவே சொல்லிவிட வேண்டும்.