மீதி வரிசைகள் எங்கே?

கேள்வி: மேட்டூர் நீர்மட்ட அட்டவணையில் 'ஜூன் 12' என்று தேடினேன். 40 வரிசை இருப்பதாகக் காட்டுகிறது. காப்பி எடுத்தால் 10தான் வருகிறது. மீதி எங்கே?
- ஒரு விவசாயி, திருக்காட்டுப்பள்ளி

பதில்: எதுவும் தொலையவில்லை. உங்கள் ஊரில் காவிரியிலிருந்து பிரியும் குடமுருட்டிக்கு, ஷட்டர் விடுகிற அளவுதானே தண்ணீர் வரும்? இதுவும் அப்படித்தான். இத்தகைய அட்டவணைகள் பலவற்றை இயக்குவது 'டேட்டாடேபிள்ஸ்' என்ற நிரல். வேறு எண் குறிப்பிடாவிட்டால் பக்கத்துக்கு 10 வரிசைதான் வைக்கும். மற்றதை உள்ளே வைத்துக்கொள்ளும்.

அட்டவணையின் மேலே 10 என்றிருக்கும் பெட்டியில் 'ஆல்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு காப்பி எடுங்கள். எக்செல் அல்லது சிஎஸ்வி பட்டன் இருந்தால் இன்னும் நல்லது; பெரும்பாலும் வடிகட்டிய அத்தனை வரிசையும் இறங்கிவிடும். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், 'ரோஸ்' கட்டளையில் 'சர்ச்: அப்ளைடு' சேர்க்கச் சொல்லுங்கள். ஆனால் தளம் ஒவ்வொரு பக்கத்தையும் சர்வரிலிருந்து தனித்தனியாக வாங்கினால், இந்தக் கட்டளைக்கும் கண்முன் இருக்கும் பக்கம்தான் கிடைக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். வெறும் 12 என்று தட்டினால், அணை நிரம்பிய 120 அடி வரிசைகளும் சேர்ந்து வரும். குறுவை நாற்றங்காலுக்கு நாள் பார்க்கிற கணக்கு இது; வேறு வரிசை கலந்துவிடக் கூடாது. தேதியை அட்டவணையில் உள்ளபடியே முழுதாக, இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடுங்கள்.