சுண்டலின் எலும்புகள்

அன்புள்ள கயல் கண்ணு,

நீ அனுப்பின, உன் தாடி டிராகன் சுண்டலின் எக்ஸ்ரே படத்தை நானும் பெரியம்மாவும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். "ஐயோ, எப்படி இளைச்சுக் கிடக்குது" என்று அவள் புலம்பியது சுண்டலைப் பார்த்தா, பக்கத்தில் நின்ற உன்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. எலும்பு படத்தில் பளிச்சென்று விழ வேண்டும். சுண்டலின் தொடை எலும்பு, சதை எது எலும்பு எது என்று தேட வேண்டிய அளவுக்கு மங்கிக் கிடக்கிறது. இடது பின்னங்காலில் ஒரு முறிவும் தெரிகிறது. கால்சியம் குறைந்து வரும் எலும்பு நோய் என்று உன் டாக்டரம்மா சொன்னது சரிதான். நேரத்தோடு கொண்டுபோனாய், அதுவே பெரிய காரியம்.

'வேலியில போன ஓணானை மடியில விட்டுக்கிட்ட கதை' என்று உன் அப்பா சிரித்தானாமே? சிரிக்கட்டும். அவன் கூட்டாளிகளோடு ஈர்க்குச்சியில் சுருக்கு மாட்டிக்கொண்டு வேலி வேலியாக அலைந்ததை நீ கேட்டு வாங்கு, சொல்லுவான். உன் தாடி டிராகனும் நம் வேலி ஓணானும் ஒரே குடும்பம் கண்ணு. தலையை மேலும் கீழும் ஆட்டி அதிகாரம் பண்ணுவதைப் பார்த்தாலே சொந்தம் தெரிந்துவிடும். இத்தனை வருசம் கால்நடை மருத்துவம் பார்த்திருக்கிறேன், கால் வளைந்து இழுத்துக்கொண்டு போகிற ஓணான் ஒன்றை நம் வேலியில் கண்டதில்லை. பொழுது விடிந்தால் அது வெயிலில் இருக்கிறது. சுண்டலின் முன்னோர்களும் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட காட்டில், கட்டை மேலும் பாறை மேலும் வெயில் காய்ந்தவர்கள்தான். சுண்டலோ கூண்டிலேயே பிறந்து, கனடாவின் பிராம்ப்டனில் உன் அறையில், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு வளர்கிறது. அதற்கான வெயிலை நீதான் கொடுக்க வேண்டும்.

"பவுடர் போட்டுத்தானே பெரியப்பா பூச்சி கொடுத்தேன்?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. வயிற்றுக்குள் போகிற கால்சியம் உடம்பில் சேர வேண்டுமானால் வைட்டமின் டி3 வேண்டும். வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா பி கதிர் ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளத்தில். அது தோலில் பட்டு, உடம்புச் சூடும் சேர்ந்தால் டி3 உண்டாகும். கல்லீரலும் சிறுநீரகமும் அதை மேலும் மாற்றிக் கொடுத்த பிறகுதான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். அந்தக் கதிர் இல்லாவிட்டால் நீ எவ்வளவு பவுடர் தூவினாலும் பெரும்பகுதி வெளியே போய்விடும். ஆனால் இதயம் துடிக்கவும் நரம்பு வேலை செய்யவும் ரத்தத்தில் கால்சியம் இருந்தே ஆக வேண்டும். கழுத்துப் பக்கம் இருக்கிற பாராதைராய்டு சுரப்பி அதை எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். அதனால்தான் மாசக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. எலும்பிலிருந்து எடுத்தும் போதாமல் போகிறபோதுதான், நீ வீடியோ எடுத்தாயே, அந்த விரல் துடிப்பு வரும்.

அந்தக் கதிருக்காகத் தொட்டியில் மாட்டின விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது என்கிறாய். எரிந்திருக்கும். வெளிச்சம் அப்படியே இருக்க, அந்தக் கதிர் மட்டும் வருசம் ஆக ஆகத் தேய்ந்துபோகும். நல்ல டி5 குழல் விளக்கே ஏறக்குறைய ஒரு வருசம்தான், சிறிய ரகங்கள் ஆறு மாசத்திலேயே மங்கிவிடும். நீ தொட்டியோடு சேர்த்துப் பழசாக வாங்கின விளக்குக்கு வயசு என்ன என்று யாருக்குத் தெரியும்? அதற்காக உன்னை நீயே திட்டிக்கொண்டு சாப்பிடாமல் படுத்தாய் என்று அம்மா சொன்னாள். கண்ணுக்குத் தெரியாததை எந்தப் பிள்ளை கண்டுபிடிக்கும்? ஆனால் இனிமேல் ஒரு பழக்கம் வைத்துக்கொள். புது விளக்கு மாட்டுகிற அன்றைக்கே அதன் ஓரத்தில் மார்க்கரால் தேதி எழுது. ஜன்னல் ஓரத்தில் வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். விளக்குக்கும் சுண்டலுக்கும் நடுவில் கம்பி வலை இருந்தால் அதுவும் கணிசமாகக் குறைக்கும். கோடை வந்ததும் கண்ணாடித் தொட்டியோடு வெளியே வைத்துவிடாதே, உள்ளே வெந்துபோகும். காற்றுப் போகிற கூண்டில், ஒரு பக்கம் நிழலோடு, நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் மட்டும் வை.

மனுசக் குழந்தைகளுக்கும் இதே கதைதான் நடந்தது. முதல் உலகப் போர் முடிந்த சமயம், புகையும் பசியுமாகக் கிடந்த பெர்லினில் கால் வளைந்த பிள்ளைகள் நிறையப் பேர். 1919-இல் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற டாக்டர் அவர்களைப் பாதரச விளக்கின் கீழே உட்கார வைத்தார், எலும்பு தேறியது. ஒரு கையில் மட்டும் ஒளி படும்படி வைத்தபோது மற்றக் கையின் எலும்பும் சேர்ந்தே தேறியதைக் காட்டினார். தோலில் உண்டாகிற ஏதோ ஒன்று ரத்தம் வழியாக உடம்பெல்லாம் போகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. இன்றைக்குக் கனடாவில் நீ குடிக்கிற பாலில் வைட்டமின் டி சேர்த்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. (நீ குடிக்கிறாயா என்பது தனிக் கேள்வி. டம்ளரைத் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற விசயம் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது.)

இன்னொன்று சொல்ல வேண்டும், உனக்கு ஏமாற்றம் வரக் கூடாது என்பதற்காக. நம் பக்கத்தில் கன்று போட்ட ஒன்றிரண்டு நாளில் கறவை மாடு பொத்தென்று படுத்துவிடும். காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக்கொண்டு கிடக்கும். பால் காய்ச்சல் என்பார்கள், காய்ச்சலே இருக்காது. மடியில் பால் இறங்குகிற வேகத்தில் ரத்தத்துக் கால்சியம் தீர்ந்துபோவதுதான் காரணம். நரம்பில் கால்சியம் ஏற்றினால் பல மாடுகள் அங்கேயே எழுந்து நின்று தீவனத்தைத் தேடும். அதையும் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும். சுண்டலுக்குப் போட்ட கால்சியம் குளுக்கோனேட் ஊசியில் துடிப்பு அடங்கிவிட்டது, நீயும் நிம்மதியாகத் தூங்கினாய். ஆனால் மாட்டுக்குத் தீர்ந்தது அன்றைக்கு ரத்தத்தில் இருந்தது மட்டும். சுண்டலுக்கு எலும்பே மாசக்கணக்கில் கரைந்திருக்கிறது. அது நிறையவும் மாசக்கணக்காகும். முதல் சில வாரம் ஒரு மாற்றமும் தெரியாது. வளைந்துபோன இடம் வளைந்தபடியே இறுகலாம். அப்படி இறுகின காலோடு நன்றாகச் சாப்பிட்டு வாழ்கிற பிராணிகள் உண்டு.

வாய் மருந்தை டாக்டரம்மா எழுதின அளவுக்கு மேல் ஒரு சொட்டும் கொடுக்காதே. சீக்கிரம் தேறட்டும் என்று அப்பாவின் டி3 கலந்த கால்சியம் மாத்திரையைப் பொடித்துப் போடுகிற எண்ணம் வந்தால் உடனே விட்டுவிடு. டி3 அதிகமானால் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயிலும் கால்சியம் படியும், அதைத் திருப்பி எடுக்க வழியில்லை. தாடை இப்போது ரப்பர் மாதிரி இருக்கும், வாயைப் பிளக்காதே. மூக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தால் தானாக நக்கும். காலையில் சூடேறின பிறகு கொடு. உடம்பு குளிர்ந்திருந்தால் எதுவும் செரிக்காது. வெயில் காய்கிற இடம் 40 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கட்டும், எதிர்ப் பக்கம் 25. கையை வைத்துப் பார்த்து முடிவு செய்யாமல் தெர்மாமீட்டரால் அள.

ஏறுகிற கிளைகளை இப்போதைக்கு எடுத்துவிடு. மணலுக்குப் பதில் காகிதம் விரி. தூக்கும்போது உள்ளங்கை முழுவதும் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் அடியில் இருக்க வேண்டும். உன் ஸ்வெட்டரில் நகத்தை மாட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காதே, இந்த எலும்பு அதற்கே ஒடியும். ஒவ்வொரு விரலாகக் கழற்று. சிநேகிதிகள் வந்தால் தொட்டியின் வெளியே நின்று பார்க்கட்டும். இது உனக்குக் கஷ்டம், தெரியும்.

சாப்பாட்டு விசயத்தில் நீ பாதி சரி. வெட்டுக்கிளியிலும் சில்வண்டிலும் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. சுண்டலுக்கு வேண்டியது தலைகீழ், பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு. பவுடரை முன்கூட்டியே தூவி வைத்தால் பூச்சி தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும். கொடுக்கிற நிமிசத்தில் தூவு. அந்தப் பூச்சிக்கும் முந்தின நாளே நல்ல கீரையாகப் போட்டு வை. பாலக் கீரை வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கடுகுக் கீரை, டேன்டிலயன் இலை, காலர்ட் இலை எல்லாம் உங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்குமே.

ஒரு சின்ன நோட்டுப் போடு. ஞாயிற்றுக்கிழமைதோறும் சமையலறைத் தராசில் எடை, கிராமில். எத்தனை பூச்சி தின்றது, வெளிக்குப் போனதா, விரல் துடித்ததா. வெளிக்குப் போவதை அலட்சியம் செய்யாதே, கால்சியம் குறைந்தால் குடலும் சோர்ந்துவிடும். இரண்டு மூன்று நாளாகப் போகவில்லை, அல்லது மறுபடி துடிக்கிறது என்றால் எனக்குப் போன் போடுவதற்கு முன்னால் டாக்டரம்மாவுக்குப் போடு. மாட்டையும் கோழியையும் பார்த்த கை என்னுடையது. உன் சுண்டலைத் தொட்டுப் பார்த்தவர் அவர்தான்.

அடுத்த எக்ஸ்ரே எப்போது என்று கேட்டு எழுது. இதே பக்கவாட்டில், இதே போல் படுக்க வைத்து எடுக்கச் சொல், அப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். புது விளக்குக்குப் பணம் பிறந்தநாளுக்குச் சேர்த்து வைத்ததிலிருந்து எடுக்காதே, அப்பாவிடம் நான் பேசிவிட்டேன். பெரியம்மா முறுக்குச் சுட்டு வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் அங்கே வருகிறவரிடம் கொடுத்துவிடுகிறோம். அது உனக்கு மட்டும், சுண்டலுக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா